மழைக்கு வீட்டில் அடைந்து கிடக்கும் நாள்கள்: அறையை மாற்றிப் போடுவதும் பாதியில் நிற்கும் ஒட்டுப் போர்வையை முடிப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டிசம்பர் பிறந்தாலே சிங்கப்பூரில் எங்கள் தையல் குழுவில் இரண்டு பேச்சு தவறாமல் வரும். மழையில் வீட்டுக்குள்ளேயே கிடந்து மனசு புழுங்குகிறது என்பது ஒன்று. அலமாரிக்கு மேலே பையில் கட்டிவைத்த பாதிப் போர்வையை எப்படி முடிப்பது என்பது இன்னொன்று. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஒட்டுப் போர்வை குளிர்கால வேலைன்னு சொல்றாங்க. சிங்கப்பூர்ல ஏதுக்கா குளிர்காலம்? வருஷம் முழுக்க வெயில்தானே?

பனி பெய்கிற ஊர்களில் மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். ஒட்டுப் போர்வை தைப்பது அங்கே குளிர்கால வேலையாக ஊறிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குப் பனி இல்லை, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. டிசம்பரில் தொடங்கி மார்ச் முதல் வாரங்கள் வரை நீளும் இந்தப் பருவத்தில் டிசம்பர், ஜனவரிதான் ஈரமான பாதி. டிசம்பரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். காற்று திடீரென வலுக்கும்போது இரண்டு மூன்று நாள் வானம் திறந்தபடியே இருக்கும். வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். 1934 ஜனவரியில் 19.4 டிகிரி வரைக்கும் இறங்கியிருக்கிறது.

அதே நாள்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கீழே விளையாட முடியாது, துணி காயாது, ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும். நாலறை வீட்டில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவர் என எல்லாரும் ஒரே நேரத்தில் இருந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அதற்குப் பனி தேவையில்லை.

ஒட்டுப் போர்வைன்னா எங்க பாட்டி பழைய சேலையில தைப்பாங்களே, அதுவா? இல்ல குவில்ட்டுன்னு சொல்றாங்களே, அதுவா?

இரண்டும் சொந்தக்காரர்கள்தான். குவில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே துண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு அல்லது கனத்த துணி, அடியில் முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவிப் போடும் தையல்தான் குவில்ட்டிங். பாட்டி செய்தது பழைய சேலையை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு இறுக்கியது. வங்காளத்தில் அதே முறையைக் காந்தா என்கிறார்கள். வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒன்று தைப்பார்கள். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்தபடி நடுவில் வந்து முடிப்பார்கள். முறை எதுவானாலும் சரி, இங்கே சொல்லும் பதில்கள் பொருந்தும்.

எதை முதல்ல செய்யறது, அறையா, போர்வையா?

அறைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போர்வை பாதியில் நிற்பதற்கு எல்லாரும் நேரம் இல்லை என்பார்கள். கொஞ்சம் கிளறிக் கேட்டால் உண்மையான காரணம் வேறாக இருக்கும். தைக்க வேண்டுமென்றால் சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, மெஷினைத் தூக்கிவந்து, துணியை விரித்து, நூல் கோத்து உட்கார வேண்டும். அதற்குள் சமையல் நேரம் வந்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். இப்படி நான்கு முறை எடுத்து வைத்தால் ஐந்தாம் முறை பையைத் தொடவே மனசு வராது.

மெஷின் விரித்தது விரித்தபடி நிற்க ஒரு முழ அகலம் கிடைத்தால் போதும். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு வரிசை, பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் இன்னொரு வரிசை என்று வேலை தானாக நகரும். அந்த இடத்தை உண்டாக்கத்தான் அறையை மாற்றுகிறோம். அழகுக்காக மாற்றுகிறவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் மாற்றம் ஒரு வேலைக்காக இருந்தால்தான் நிலைக்கும்.

எங்க வீடு சின்னது. நகர்த்துறதுக்கே இடம் இல்ல. என்னத்தை மாத்துறது?

முதல் நாள் எதையும் நகர்த்தாதீர்கள். அளவு நாடாவும் ஒரு கட்டம்போட்ட தாளும் எடுத்துக்கொண்டு அறையை வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பிளக் எங்கே, ஏர்கான் எந்தச் சுவரில், மாலை வெயில் எந்த ஜன்னலில் என்று எல்லாவற்றையும் குறியுங்கள். கட்டில் அளவு இங்கே ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும்: சிங்கிள் 91க்கு 190 சென்டிமீட்டர், சூப்பர் சிங்கிள் 107க்கு 190, குவீன் 152க்கு 190. தாளில் கட்டிலை வெட்டி ஒட்டி நகர்த்திப் பார்ப்பதற்கு முதுகுவலி வராது. பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை நாள் அதிலேயே போகும்.

அடுத்து, வீட்டில் எந்த இடம் நாளெல்லாம் சும்மா கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் படுக்கையறையில் கட்டிலின் இரண்டு பக்கமும் நடக்க வழி விட்டிருப்போம். ஒருவர் மட்டும் படுக்கும் கட்டில் என்றால் ஒரு பக்க வழியே போதும். நடுவில் நிற்கும் கட்டிலை ஓரமாகத் தள்ளினால் இரண்டு கீற்றாகக் கிடந்த இடம் ஒன்றாகி, மெஷினும் ஒரு நாற்காலியும் உட்காரும் அளவுக்கு வந்துவிடும். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் தையல் மூலை இப்படித்தான் பிறந்தது.

மாமியார் வடக்கே தலை வைக்கக் கூடாதுங்கிறாங்க. ஆனா வடக்குச் சுவர்லதான் இடம் இருக்கு.

‘உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இதில் வாதாடி வெல்வதைவிட, கட்டிலை அதே சுவரை ஒட்டி நீளவாக்கில் போட்டுத் தலையைக் கிழக்கே வைத்துவிட்டால் மாமியாருக்கும் திருப்தி, உங்களுக்கும் இடம். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது வேறு இரண்டு: ஏர்கானுக்கு நேர் கீழே தலை வரக் கூடாது; ஜன்னலில் சாரல் அடித்தால் மெத்தை நனையக் கூடாது.

மார்கழியில சாமானை நகர்த்தலாமா?

மார்கழியில் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். வீட்டுக்குள் கட்டிலை இடம் மாற்றுவதை அந்தக் கணக்கில் சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. மனசு உறுத்தினால் கார்த்திகை முடிவதற்குள், அதாவது டிசம்பர் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். பழையது கழிக்கும் வேலையைப் போகிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அலமாரியை இழுத்தா பின்னாடி சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பயமா இருக்கு.

பூஞ்சைதான். காற்று போகாத இடத்தில் ஈரம் தங்கினால் வரும். மழை நாள்களில் ஜன்னலைச் சாத்தி, உள்ளேயே துணி காயப்போட்டால் இன்னும் வேகமாகப் பரவும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தண்ணீர் கலந்த பிளீச்சில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையோ கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு அலமாரியை இரண்டு மூன்று அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள். துடைத்த இடத்திலேயே மறுபடி மறுபடி வந்தால் சுவருக்குள் நீர்க்கசிவு இருக்கலாம். அதை ஆள் வைத்துப் பார்ப்பதே சரி.

பெரிய அலமாரியைத் தனியா நகர்த்த முடியுமா? தரை கீறிடுமே.

தனியாக வேண்டாம். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து, இழுப்பறைகளையும் கழற்றி, இரண்டு பேராகத் தள்ளுங்கள். காலுக்கு அடியில் பழைய தடித்த காலுறையோ மடித்த போர்வையோ கொடுத்தால் வினைல் தரையிலும் ஓட்டுத் தரையிலும் வழுக்கிக்கொண்டு போகும். புது இடத்தில் நிறுத்தியதும் உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்க மறக்காதீர்கள். பிள்ளைகள் இழுப்பறையில் ஏறி அலமாரி சாய்ந்த விபத்துகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. சுவரில் துளை போடுவதென்றால் நேரம் பார்த்துச் செய்யுங்கள்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி சத்தம் மிகுந்த புதுப்பிப்பு வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. வீட்டில் நாமே போடும் ஓரிரு துளைக்கும் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வராது.

பாம் ஷெல்டரைத் தையல் அறையா ஆக்கிடலாமான்னு என் வீட்டுக்காரர் கேக்குறார்.

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் அந்தக் கனத்த கதவுள்ள பாதுகாப்பு அறையைச் சாமான் வைக்கப் பயன்படுத்தலாம். கதவைக் கழற்றுவதோ காற்றுத் துளை மூடிகளில் கை வைப்பதோ கூடாது. உட்கார்ந்து தைக்க நான் சொல்ல மாட்டேன். காற்றும் வெளிச்சமும் இல்லை. சலிப்பைப் போக்கத்தானே இவ்வளவும் செய்கிறோம், இருட்டறையில் போய் உட்காருவானேன்? துணி அடுக்கி வைக்க மட்டும் நல்ல இடம். அதிலும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

வேண்டாத மேசையைக் கொஞ்ச நாள் வாசல்ல வெச்சுக்கலாமா?

வேண்டாம். தீ விபத்து நேரத்தில் ஆள் ஓட வேண்டிய வழி அது. நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பெரிய சாமானை எடுத்துப்போக உங்கள் நகர மன்றத்தைக் கூப்பிடுங்கள். மாதத்துக்குச் சில பொருள்கள் வரை இலவசமாக எடுப்பார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கினால் எல்லா வீட்டிலும் சுத்தம் செய்வார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அறை ரெடி. ஆனா பாதியில நிக்கிறது நாலஞ்சு இருக்குக்கா. எதை முதல்ல எடுக்கிறது?

எல்லாவற்றையும் கட்டிலில் விரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தாளைக் குத்தி, என்ன மிச்சம் என்று எழுதுங்கள்: ‘ஓரப்பட்டி மட்டும்’, ‘மூன்று வரிசை சேர்க்க வேண்டும்’, ‘அடித்துணி வாங்க வேண்டும்’. எழுதியதும் பயம் பாதி குறையும். மிகக் குறைந்த வேலை மிச்சமுள்ளதை முதலில் எடுங்கள், பிடித்ததை அல்ல. ஒன்று முடிந்து கட்டிலில் விரிந்து கிடப்பதைப் பார்த்தால்தான் அடுத்ததற்குக் கை போகும்.

அப்புறம் ஒரு விஷயம். ஐந்தில் ஒன்று உங்களுக்கு இனிமேல் பிடிக்கவே பிடிக்காததாக இருக்கும். வண்ணம் பிடிக்கவில்லை, யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர் வளர்ந்துவிட்டார் என்று ஏதாவது இருக்கும். அதைப் பாதி அளவிலேயே நிறுத்தி, மேசை விரிப்பாகவோ தலையணை உறையாகவோ முடித்துவிடுங்கள். அதுவும் முடித்ததுதான்.

மூணு அடுக்கையும் சேர்க்கத் தரையில விரிக்கச் சொல்றாங்க. எனக்கு முட்டி வலி. தரையில அவ்வளவு இடமும் இல்ல.

இந்த இடத்தில்தான் நிறையப் போர்வைகள் நின்றுபோகின்றன. தரை தேவையில்லை. துணி காயப்போட நம் வீட்டில் இருக்கும் மூங்கில் கழி இரண்டை எடுத்து, துடைத்துக்கொள்ளுங்கள். அடித்துணியை நல்ல பக்கம் உள்ளே வருமாறு ஒன்றில் சுருட்டுங்கள். முகப்பை நல்ல பக்கம் வெளியே வருமாறு இன்னொன்றில் சுருட்டுங்கள். கழி போர்வையைவிட நீளமாக இருப்பதால் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது பிடித்துச் சுருட்ட வசதி.

சாப்பாட்டு மேசைமேல் அடித்துணியை ஒரு முழம் மட்டும் பிரியுங்கள், நல்ல பக்கம் மேசையைப் பார்த்து இருக்கட்டும். அதன்மேல் பஞ்சை வைத்துத் தடவுங்கள். அதன்மேல் முகப்பை ஒரு முழம் பிரித்துப் போடுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவினால் சுருக்கம் விலகுவது கைக்குத் தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்திக்கொண்டே வாருங்கள். அந்த முழம் முடிந்ததும் குத்திய பகுதியை மேசைக்கு அந்தப் பக்கம் தொங்கவிட்டு அடுத்த முழத்தைப் பிரியுங்கள். அடித்துணியும் பஞ்சும் நான்கு பக்கமும் முகப்பைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். தைக்கத் தைக்க உள்ளே இழுக்கும். மொத்த வேலையும் நாற்காலியில் உட்கார்ந்தே முடிந்துவிடும்.

நடுவுல பஞ்சு கட்டாயமா? வேர்த்து ஊத்துமே.

கட்டாயமில்லை. குளிர்நாட்டு முறைப்படி கனமான பாலியெஸ்டர் பஞ்சு வைத்தால் இங்கே யாரும் போர்த்த மாட்டார்கள், அலமாரியில்தான் தூங்கும். மெல்லிய பருத்திப் பஞ்சு, இல்லாவிட்டால் ஃபிளானல் துணி, அதுவும் வேண்டாமென்றால் பழைய பருத்தி வேட்டி. ஏர்கான் அறைக்கு இவையே தாராளம்.

எனக்கு மிகவும் பிடித்தது சேலைக் கணக்கு. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம் வரும். அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மூன்றையும் அடுக்கினால் ஒரு ஆளுக்கு வேண்டிய மூன்றடுக்குப் போர்வை, ஒரே சேலையில். வெட்டிய விளிம்பை மடித்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டால் மெஷின்கூட வேண்டாம்.

துணி எங்கே வாங்குறீங்க?

புதுத்துணிக்குச் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கும் துணிக்கடைகளும் அரபு ஸ்திரீட்டும். பஞ்சு, ரோட்டரி கட்டர் (உருளும் சக்கரக் கத்தி), அளவுகோல் போன்றவற்றுக்கு ஸ்பாட்லைட் கடை. தேக்கா சந்தை மாடியில் தையல்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் வெட்டு மிச்சத்தைக் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் மழைக்கால வேலைக்கு முதலில் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். செட்டிநாட்டுக் கட்டம்போட்ட சேலைத் துண்டுக்குப் பக்கத்தில் பழைய பாத்தேக் சாரோங் துண்டு வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் வாழ்ந்த குடும்பத்தின் போர்வை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

அம்மாவோட கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புல கிழிஞ்சு போச்சு. வெட்டலாமா?

முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் மட்டும் இற்றிருந்தால் மற்ற பகுதி தேறும். துணி முழுக்கவே இற்றிருந்தால் எந்தத் தையலும் தாங்காது. பெட்டியில் வைப்பதே மரியாதை. தேறும் பகுதியை வெட்டுமுன் பின்புறம் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணி வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். சரிகை உடம்பில் உறுத்தும் என்பதால் போர்த்தும் போர்வைக்கு வேண்டாம், சுவரில் மாட்டும் அளவுக்குச் சின்னதாகச் செய்யுங்கள். வெட்டுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

எவ்வளவு பார்த்துத் தைச்சாலும் சதுரத்தோட மூலை சேர மாட்டேங்குது. ஏன்?

தையல் விளிம்பு, அதாவது தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம், கால் அங்குலமாக இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். விளிம்பு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டிலும் அதைத் தின்னும். பன்னிரண்டு சதுரம் கொண்ட வரிசையில் பதினொரு தையல், ஆக ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

சோதித்துப் பார்க்க ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, சேர்த்துத் தைத்து, இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டி சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பு பெரிது. மெஷின் தகட்டில் சரியான இடத்தில் ஒரு டேப் ஒட்டி, அதை ஒட்டியே துணியை விடுங்கள். இஸ்திரி போடும்போது ஒரு வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் படுக்க வையுங்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். பழைய வரிசைகள் ஏற்கெனவே குறைந்து போயிருந்தால் எல்லா வரிசையையும் மிகச் சிறியதன் அளவுக்குச் சீராக வெட்டிவிடலாம், பிரிக்க வேண்டியதில்லை; மூலைகள் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும்.

ராத்திரிதான் எனக்கு நேரம். மெஷின் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேக்குமா?

சத்தத்தைவிட அதிர்வுதான் தரை வழியாக இறங்கும். மெஷினுக்கு அடியிலும் மேசைக் காலுக்கு அடியிலும் பழைய யோகா பாயை வெட்டி வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் மெஷினை மூடிவிட்டு, ஓரப்பட்டியைக் கைத்தையலில் முடிப்பது, நூல் நறுக்குவது என்று சத்தமில்லாத வேலைக்கு மாறுங்கள்.

பிள்ளைங்க ஐபேடை விட்டு நகர மாட்டேங்குதுங்க. இதுல எப்படிச் சேர்க்கிறது?

உதவியாளாகக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு சதுரம் கொடுங்கள். ஆறரை அங்குலத் துணி, அதில் என்ன வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம், பெயர் எழுதலாம், பிடித்த கார்ட்டூனின் கண்ணை மட்டும் தைக்கலாம். கோணலாக இருந்தாலும் நீங்கள் பிரித்துத் தைக்காதீர்கள். எட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி கொடுக்கலாம். ரோட்டரி கட்டர் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

சாங்கி சிறையில தைச்ச போர்வைன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். வீட்டில் அடைந்து கிடக்கிறோம் என்று நாம் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அதுதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த பிறகு, இங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒரு பகுதி, ஆண்கள் வேறு பகுதி. கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத நிலை. எத்தல் மல்வானி என்ற கனடியப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: ஆளுக்கு ஒரு சதுரத் துணி, அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்க வேண்டும், பெயரோடு. போர்வைக்கு 66 சதுரம் என்று மூன்று போர்வைகள் உருவாயின.

அவற்றைக் காயமடைந்த வீரர்களுக்கான மருத்துவமனைக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று, ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று. சதுரத்தில் இருந்த பெயரைப் பார்த்து, இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி ஆண்கள் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் எண்ணம். அவற்றுள் இரண்டு இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. அதே சிறையில் இருந்த சிறுமிகள், எட்டு வயசிலிருந்து பதினாறு வயசு வரை, தங்கள் சாரணியர் தலைவியின் பிறந்தநாளுக்காக அறுகோணத் துண்டுகளைச் சேர்த்து ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். துணி கிடைக்காது, நூல் கிடைக்காது. பழைய உடுப்புகளைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். அது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்க அப்பாவுக்கு மறதி நோய். அவர் அறையையும் மாத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். நமக்குப் புதுமை தெம்பு தரும். அவருக்குப் பழகிய இடம்தான் துணை. கட்டிலும் கதவும் இருந்த இடத்தில் இல்லையென்றால் நடுராத்திரி எழுந்து குழம்புவார், விழவும் கூடும். அவர் அறையைத் தொடாமல் மற்ற அறைகளை மாற்றுங்கள். மறதி இல்லாத முதியவர்களுக்கும் கட்டிலிலிருந்து கழிப்பறை போகும் வழியில் எதுவும் இல்லாமல், ஒரு சின்ன இரவு விளக்கோடு வைத்திருங்கள். மெஷினின் ஒயர் அந்த வழியில் குறுக்கே போகக் கூடாது.

போர்வைப் பக்கம் அவரைச் சேர்க்கலாம். பழைய துணியை வண்ணவாரியாகப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை, அவசரம் இல்லை. சில துணிகளைத் தொட்டதும் அவர் சொல்லும் கதை உங்களுக்கே புதிதாக இருக்கலாம்.

அம்மா தைச்சு முடிக்காமலே போயிட்டாங்க. அந்தப் போர்வையை நான் முடிக்கலாமா? கெடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு.

முடிக்கலாம். மூன்றுமுறை படம் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: முன்பக்கம், பின்பக்கம், அவர் கடைசியாக ஊசி நிறுத்திய இடம். அவர் போட்ட தையலைப் பிரிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். உங்கள் தையல் அவருடையதுபோல் இருக்க வேண்டும் என்று போராடவும் வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர், தான் தொடங்கிய இடத்திலிருந்து வேறு வண்ண நூலில் தைத்தார். எது அம்மா கை, எது மகள் கை என்று விரலால் தொட்டுக் காட்டலாம். அவர் பேரப்பிள்ளைகள் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

பையைத் திறந்ததும் அழுகை வந்தால் மூடிவைத்துவிட்டு அடுத்த மழைக்காலத்தில் எடுங்கள். மேலே நான்கைந்து போர்வைக்குச் சொன்ன ‘குறைந்த வேலை முதலில்’ என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது.

எல்லாம் செஞ்சு பார்த்தேன். அப்பவும் மனசு எதுலயும் ஒட்டல.

மழை விட்டும், வெளியே போய் வந்தும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் பசியின்மையும் எதிலும் நாட்டமின்மையும் தொடர்ந்தால் அது அடைந்து கிடக்கும் சலிப்பு அல்ல. பாலிகிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம். இதைக் கைவேலையால் சரிசெய்துகொள்ளுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

முடிச்சாச்சு! துவைச்சா இந்த மழையில காயுமா?

முதல் துவைப்பைத் தள்ளிப்போடாதீர்கள், ஊசி குத்திய துளைகள் மூடுவதும் தையல் உட்காருவதும் அப்போதுதான். பருத்திப் பஞ்சு வைத்திருந்தால் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை சுருங்கும். அந்தச் சுருக்கம் அழகாகத்தான் இருக்கும். சாயம் போகும் சிவப்பு, கருநீலம் இருந்தால் குளிர்ந்த நீரில், சாயம் பிடிக்கும் தாளோடு போடுங்கள்.

காய வைக்க, ஈரத்தோடு ஒற்றைக் கழியில் தொங்கவிட்டால் கனம் தாங்காமல் தையல் இழுக்கும். இரண்டு மூன்று கழிகளில் குறுக்காகப் பரப்பி, மின்விசிறியை நேரே வையுங்கள். அறையில் ஏர்கான் இருந்தால் ஈரம் உறிஞ்சும் நிலையில் சில மணி நேரம் ஓடட்டும். பேட்டைக் கடைத்தொகுதியில் காசு போட்டு இயக்கும் டிரையர் இருந்தால் அதுவே சுலபம், நடுத்தரச் சூடு போதும். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் நடு அடுக்கில் ஈரம் நிற்கும். மடிக்காமல் இன்னொரு நாள் விரித்தே வைத்துவிட்டு, பிறகு போர்த்திக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியதும் ஒரு காலைப்பொழுது வெளியே கழியில் போட்டு எடுத்துவிடுங்கள், மதிய வெயிலில் விட்டால் வண்ணம் வெளுக்கும்.